தொண்ணூற்றேழாவது சுற்று

முன் அறையில் இருந்தவர்கள் நால்வர். சன்னலோரம் பிளாஸ்டிக் நாற்காலியில், கால்மேல் கால் போட்டு, சேத்தியாத்தோப்பிலிருந்து வந்திருந்த மாணிக்கவேல். எதிரே ஸ்டூலில், கழுத்தில் விசிலும் மடியில் சிலேட்டுமாகப் பக்கத்து வீட்டுக் கொளஞ்சியப்பன். சமையலறை வாசல்படியில், மீட்டர் பெட்டியை ஒட்டி, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, மாணிக்கவேலின் தங்கை சிவசங்கரி. தரையில் சம்மணமிட்டு அவள் கணவன் ஆனந்தராஜ், வயது நாற்பத்திரண்டு, பீங்கான் கம்பெனியில் சூப்பர்வைசர்.

நடுவில், ஆள் நடக்க இடமில்லாமல், விருத்தாசலம் ஜங்ஷன். ஓர் எஞ்சின், ஆறு பெட்டிகள், ஆறு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள்.

கொளஞ்சியப்பன் விசில் ஊதினார். ரயில் புறப்பட்டது.

பொம்மை ரயில் நூறு சுற்று தடம் புரளாமல் ஓடினால் இங்கேயே இருக்கும். ஒரு சக்கரம் இறங்கினாலும், மாணிக்கவேல் பிடித்து வைத்திருக்கும் புதுச்சேரிக்காரர் அடுத்த வாரம் வேனோடு வந்து விலைக்கு எடுத்துப்போவார். அறை ஜெராக்ஸ் கடைக்கு வாடகைக்குப் போகும்.

இதையெல்லாம் ஆனந்தராஜ் எட்டு நிபந்தனைகளாக எழுதி, வாசித்தும் காட்டியிருந்தார். மாணிக்கவேல் செல்போனை நோண்டிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். சிவசங்கரிதான் ஒரு வரி விடாமல் படித்துவிட்டு, சாட்சிக் கையெழுத்துப் போடுமுன், "தோத்தா நெசமாவே வித்துடுவீங்கல்ல?" என்று கேட்டாள்.

"ஏன் மாப்ள, டிவியில கார் ரேசு பாத்துருக்கீங்களா?" என்றார் மாணிக்கவேல். "முந்நூறு கிலோமீட்டரு வேகம். உங்க எக்ஸ்பிரஸ்ஸ எறும்பு ஓவர்டேக் பண்ணுது."

"வேகத்துல என்னங்க மச்சான் இருக்குது? காரு வளைவுல ரோட்ட வுட்டு எறங்கி, புல்லுல ஓடி, திரும்ப ஏறிக்கும். ரயிலு ஒரு நூலு எறங்கினா கத முடிஞ்சுது. இப்ப சொல்லுங்க, எது கஷ்டமான ஆட்டம்?"

"அப்ப கபடி?"

"அதுவும் கோட்ட வுட்டு எறங்கினா அவுட்டுதான? அதனாலதான் கபடி நல்ல ஆட்டம்."

"நாப்பத்தேழு," என்று கொளஞ்சியப்பன் சிலேட்டில் கோடு போட்டார்.

எண்பது தாண்டியதும் மணிமுத்தாற்றுப் பாலத்தில் வினை வந்தது. பாலத்துக்குத் தூண்கள், சூளையில் கீறல் விட்டுக் கம்பெனி ஒதுக்கிய பீங்கான் இன்சுலேட்டர்கள். அதில் ஒன்று, ரயில் அதிர அதிர, மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது.

"என்ன மாப்ள, மூணாவது பெட்டி கட்டிங் போட்டுட்டு வந்துருக்குதா? தள்ளாடுது!"

ஆனந்தராஜின் கை தூணை நோக்கிப் போனது. ஓடும்போது எதையும் கையால் தொடக்கூடாது என்பது மூன்றாவது நிபந்தனை. எழுதியவரும் அவரேதான். கையை மடக்கிக்கொண்டார்.

தொண்ணூற்றேழில் மூன்றாவது பெட்டியின் இடது சக்கரங்கள் தண்டவாளத்தை விட்டு எழும்பி, எப்படியோ திரும்ப உட்கார்ந்தன. அடுத்த சுற்று தாங்காது என்பது நால்வருக்குமே தெரிந்துவிட்டது. மாணிக்கவேல் நாற்காலி நுனிக்கு வந்தார். ஆனந்தராஜ் கண்ணை மூடிக்கொண்டார்.

தலைக்கு மேல் மின்விசிறி நின்றது. ரயில் வேகம் குறைந்து, பாலத்துக்கு ஒரு சாண் முன்னால், அலுங்காமல் நின்றது.

"போச்சுடா," என்றார் கொளஞ்சியப்பன், சிலேட்டாலேயே விசிறிக்கொண்டு. 2008-இல் விருத்தாசலத்தில் மின்வெட்டுக்கு அதற்கு மேல் ஒருவரும் எதுவும் சொல்வதில்லை.

"வரட்டும்! கரண்டு வந்ததும் மிச்ச மூணு சுத்த ஓட்டுங்க!" பக்கத்து வீட்டு மிக்ஸி இரைச்சலுக்கு மேல் மாணிக்கவேல் கத்தினார்.

"ஏழாவது நிபந்தனைங்க மச்சான். கிரிக்கெட்டுக்கு மழ மாதிரி இதுக்குக் கரண்டு. நடுவுல நின்னுட்டா ஆட்டம் ரத்து, ஒரு வருஷத்துக்கு மறு ஆட்டம் கெடையாது. கையெழுத்துப் போட்டுருக்கீங்க."

மாணிக்கவேல் நடுவரைப் பார்த்தார்.

"எழுத்துல இருக்குதுங்களே," என்று கொளஞ்சியப்பன் விசிலைக் கழற்றினார்.

"நீயாவது கேளேம்மா சங்கரி!"

"எல்லாம் என் தலையெழுத்துண்ணே," என்று சிவசங்கரி முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து உள்ளே போனாள். அவள் டீ கொண்டு வருவதற்குள் மின்விசிறி மறுபடி சுற்றத் தொடங்கியிருந்தது.

ஆனந்தராஜ் உடனே காகிதம் எடுத்தார். தேதி போட்டு, 'பொருள்' என்று எழுதி அடிக்கோடிட்டு, நாலே வரியில் புதுச்சேரிக்காரருக்கு முடித்தார்: ரயில் விற்பனைக்கு இல்லை, தாங்கள் வேன் அமர்த்த வேண்டாம். சிவசங்கரி சோற்றுப் பருக்கையை நசுக்கித் தடவி உறையை ஒட்டினாள்.

"குடு, போற வழியில ஸ்டேஷன் பொட்டியில போட்டுடறேன். கரண்டு காப்பாத்திடுச்சு மாப்ள உங்கள. போயிட்டு வரேன்." கடிதத்தைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு மாணிக்கவேல் ஆட்டோ ஏறினார். கொளஞ்சியப்பனும் சிலேட்டோடு கிளம்பினார்.

ஆனந்தராஜ் தூணைச் சரியாக நகர்த்தி வைத்தார்.

"அந்த நேரம் பாத்து கரண்டு போவலன்னா என் ரயிலு போயிருக்கும் சங்கரி."

"கரண்டு எங்கங்க போச்சு? மெயின எறக்குனதே நான்தான்."

ஆனந்தராஜ் அவளை நிமிர்ந்து பார்த்தார். கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் இப்படி ஒரு பார்வை அவர் பார்த்ததில்லை.

"உனக்கும் என் ரயிலு மேல அவ்ளோ ஆசையா?"

சிவசங்கரி டீ டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டே சொன்னாள்:

"ரயில வித்துட்டா ஞாயித்துக்கெழம முழுக்க நீங்க சமையக்கட்டுலல்ல வந்து நிப்பீங்க!"