ஸ்காட்லாந்து சூப்

"இண்டைக்கும் கரண்டியால கிண்டிப்போட்டு அப்பிடியே வைச்சிருக்கிறார் பார், சோலைமுத்து! இந்த மனுசனுக்கு நாக்கு எண்டு ஒண்டு இருக்குதோ?"

கதிர்காமு இதைச் சொன்னது டக்ளஸ் துரையின் முகத்துக்கு நேராக, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு. அபுதாபி ருவைஸ் எண்ணெய் ஆலையின் விருந்தினர் விடுதியில் இது ஒரு வசதி. சமையல்காரர் கதிர்காமு யாழ்ப்பாணம், அறை துடைக்கும் சோலைமுத்து ராமநாதபுரம். வெள்ளைக்காரத் துரைமார் முன்னால் இருவரும் தமிழில் எதை வேண்டுமானாலும் பேசிக்கொள்ளலாம்.

"மெதுவாண்ணே, ஜாடையில கண்டுபிடிச்சிரப் போறாரு" என்றான் சோலைமுத்து, தண்ணீர் ஊற்றியபடி.

"எங்க கண்டுபிடிக்கிறது! சுவர் மாதிரி இருக்கிறார்."

பிறகு குனிந்து, "சூப் நல்லா இருக்கிறதா, சார்?" என்று ஆங்கிலத்தில் பணிவாகக் கேட்டார் கதிர்காமு. துரை தலையை ஆட்டினார். சூப் ஆறி ஆடை கட்டியிருந்தது.

கதிர்காமுவுக்கு வயிறு எரிந்தது. லேசுப்பட்ட சூப்பா அது? ஹமூர் மீனைத் தகர டின்னுக்குள் தொங்கவிட்டு, மரத்தூளில் புகை போட்டு, உருளைக்கிழங்கும் பாலும் சேர்த்துச் செய்தது. ஸ்காட்லாந்தில் கல்லன் என்ற கடற்கரை ஊரின் சூப். சொல்லிக்கொடுத்தவர், போன வருடம் ஓய்வு பெற்றுப் போன மெக்லீன் துரை.

மெக்லீன் துரை வெள்ளிக்கிழமைகளில் சமையலறைக்கே வந்துவிடுவார். வாலிபத்தில் மனைவியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஸ்காட்லாந்தைச் சுற்றியவர். அவருக்கு ஒவ்வொரு ஊரும் ஒரு சாப்பாடு. கல்லனில் மழையில் தெப்பமாக நனைந்து போய் இறங்கியபோது இந்தச் சூப். ஆர்ப்ரோத் துறைமுகத்து மதிலில் உட்கார்ந்து, காகிதத்தில் வைத்துப் பிய்த்துத் தின்ற புகைமீன். ஃபோர்ஃபாரில் வாங்கிய, மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்ட பற்றீஸைச் சூடாகக் கோட்டுப் பையில் போட்டு, அதிலேயே கைக்குச் சூடு காட்டிக்கொண்டு வந்தாராம் மனைவி. சொல்லும்போது துரைக்குக் கண் கலங்கும். கேட்டுக் கேட்டு, மிதிவண்டி தவிர வேறெதுவும் ஓட்டியறியாத கதிர்காமுவும் அந்த ஊரெல்லாம் போய் வந்த ஆள் மாதிரி ஆகிவிட்டார்.

இன்னொரு ஸ்காட்லாந்துக்காரத் துரை வருகிறார் என்று கேள்விப்பட்டதும் எவ்வளவு சந்தோஷப்பட்டார்! வந்தவரோ இப்படி. காலையில்தான் மேலாளர் சேதுமாதவன் கறாராகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்: துரை மெலிந்துகொண்டே போகிறார், இந்த வாரமும் தட்டு இப்படியே திரும்பி வந்தால் வேறு சமையல்காரர்தான், கதிர்காமு ஊருக்குப் போகலாம். ஊர் என்றால் எந்த ஊர்? கொழும்பில் இருந்த வீடு எண்பத்து மூன்று கலவரத்தில் எரிந்துபோயிற்று. மனைவியும் பிள்ளைகளும் யாழ்ப்பாணத்தில் அடுத்தவர் வீட்டில் ஒண்டிக்கொண்டு, இவர் அனுப்புவதை நம்பி இருந்தார்கள்.

கடைசி முயற்சியாக அவர் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னார். "சார், இது கல்லன் ஊர்ச் சூப். மழை. மோட்டார் சைக்கிள். உங்களுக்குத் தெரியும்தானே?"

"அப்படியா?" என்றார் துரை ஆங்கிலத்தில். அவ்வளவுதான்.

"சொந்த ஊர்ச் சாப்பாடே தெரியாதாம்! என்ன சென்மமடா இது?"

"வீட்டம்மா ஞாபகமா இருக்கும்ணே. பாவம், இங்க தனியா கெடக்காரு. பாருங்க, சாப்பிடவும் மாட்டேங்கிறாரு, எந்திரிக்கவும் மாட்டேங்கிறாரு."

அது உண்மைதான். மற்றத் துரைமார் சாப்பிட்டதும் டெலிவிஷன் அறைக்குப் போய்விடுவார்கள். இவர் மட்டும், கதிர்காமுவும் சோலைமுத்துவும் கடைசிக் கோப்பையை எடுக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருப்பார்.

"எனக்கு மட்டும் என்ன, இங்க குடும்பமோ இருக்கு? மெக்லீன் துரை போன பிறகு என்னோட இருந்து கதைக்க ஆர் இருக்கினம்? ஒரு மனுசன் இதைக் குடிச்சிட்டு, 'ஓம் கதிர்காமு, அதே ருசிதான்' எண்டு சொன்னாப் போதுமடா எனக்கு." சோலைமுத்து தட்டை எடுத்தான்.

வேலை முடிந்து சோலைமுத்து கேம்புக்குப் போன பிறகு, கதிர்காமு தனக்கென்று இரண்டு தேங்காய் ரொட்டி சுட்டு, மிளகாய் இடித்த கட்டைச் சம்பலோடு சமையலறையில் உட்கார்ந்தார். முதல் வாய் வைப்பதற்குள் கதவு திறந்தது.

டக்ளஸ் துரை நின்றுகொண்டிருந்தார்.

வேலை போயிற்று என்று நினைத்துக் கதிர்காமு பதறி எழுந்தார். துரை அவரைத் தோளில் அமுக்கி உட்காரவைத்தார். எதிரே அரிசி மூட்டைமேல் தானும் உட்கார்ந்து, தட்டைப் பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார்.

"அண்ணே, அந்த ரொட்டியில எனக்கும் ஒரு துண்டு தாங்களேன். ஸ்காட்லாந்த நான் படத்துல பாத்ததோட சரி. எங்கப்பா தொரையா இருந்த சிலோன் மஸ்கெலியா தேயிலத் தோட்டத்துல, ஆயாம்மா இடுப்புல வளந்த புள்ள நான்."

துரை வந்த நாளிலிருந்து முகத்துக்கு நேரே திட்டியதெல்லாம் கதிர்காமுவுக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. "ஐயோ துரை... முதல் நாளே சொல்லியிருக்கலாமே!"

"சொல்லியிருந்தா அடுத்த நிமிசமே வாய மூடிக்கிட்டு 'சார், சார்'னு நின்னிருப்பீங்க" என்றார் டக்ளஸ் துரை. "தோட்டத்த விட்டு வந்ததுக்கப்புறம், தமிழ்ல என்னைய யாரும் திட்டினதே இல்லண்ணே."