சூப் ஏந்திய சிறுமி

லீல் நகரத்துப் பழம்பொருள் சந்தையில் அந்தப் பழைய சூப் விளம்பரத்தைக் கண்டதும் சொலாஞ்ச் கூவியே விட்டாள். சூடான கிண்ணத்தை ஏந்தி நிற்கும் ஒரு சிறுமியின் படம். அன்றே கண்ணாடிச் சட்டம் போட்டுச் சமையலறையில் மாட்டினாள்.

"இதையே பாத்துக்கிட்டு நின்னா சமையல யாரு பண்றது?" என்று கணவன் தியெரி கேலி செய்தான்.

"சும்மா இருப்பா, எவ்வளவு அழகா இருக்கு பாரு!"

அடுப்பு மூட்டவே இல்லை. ஆனாலும் படத்தின் கண்ணாடியில் ஆவி படர்ந்தது. சொலாஞ்ச் துணியால் அழுத்தித் துடைத்தாள். போகவில்லை. ஆவி உள்பக்கம் இருந்தது.

"உள்ள ஈரம் போயிருக்கு. கழட்டிடறேன்" என்று தியெரி கையை நீட்டினான்.

அதற்குள் ஒரு சின்னக் கை உள்ளிருந்து வட்டமாகத் துடைத்தது. சிறுமியின் முகம் இப்போது கண்ணாடியை ஒட்டியிருந்தது.

தியெரி சுவரோரம் ஒதுங்கினான். சொலாஞ்சுக்குச் சந்தோஷத்தில் மூச்சு வாங்கியது.

"ஓடு தியெரி, மேசையில இவளுக்கும் ஒரு நாற்காலி எடுத்துப் போடு!"