யார் முதலில் கிளம்புவது

ஒரே மென்பொருள் களஞ்சியத்தில், ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் எழுதிய பல பேக்கேஜ்கள் சேர்ந்து குடியிருந்தன. ஒன்றிடம் இல்லாத கோட், அதாவது நிரல், தேவைப்பட்டால் இன்னொன்றிடம் இரவல் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் இரவல் கொடுத்தவர் வெளியீட்டுக்குக் கிளம்பிய பிறகுதான் வாங்கியவர் கிளம்பலாம்.

அன்று கூடை என்ற புது பேக்கேஜ் முதல்முறையாக வாடிக்கையாளர்கள் முன்னால் போக வேண்டிய நாள். அது எல்லோருக்கும் இரவல் கொடுக்கும் பொது என்ற பேக்கேஜின் கதவைத் தட்டியது.

"அக்கா, சீக்கிரம் கிளம்புங்க. உங்களுக்கு அப்புறம்தான் நான் போக முடியும்."

"நான் எப்படிப் போறது? விலையை ரூபாயில காட்டுற கோட் உன்கிட்டதானே வாங்கியிருக்கேன். நீ முதல்ல போ."

"என்கிட்டயா? ஊருக்கே கொடுக்கிற நீங்க என்கிட்ட ஏன் வாங்கினீங்க?"

"கண்ணுல பட்டுச்சு, எடுத்துக்கிட்டேன். அதுக்குப் போய் இந்தக் கத்து கத்துறியே!"

மதியம் வரை இரண்டும் சண்டை போட்டன. கடைசியில் கூடை அந்த நிரலைத் தன்னிடமிருந்து பிய்த்தெடுத்து, விலை என்ற தனி பேக்கேஜாக உட்கார வைத்தது.

"இனிமே ரெண்டு பேரும் இதுகிட்ட வாங்கிக்கலாம். முதல்ல இது போகும், அப்புறம் நீங்க, அப்புறம் நான். போதுமா?"

"இதைக் காலையிலேயே செஞ்சிருக்கலாமே!" என்றது பொது.

கூடை பல்லைக் கடித்துக்கொண்டு வாசலுக்குப் போனது. பின்னால் விலையின் குரல் கேட்டது.

"பொது அக்கா, எண்ணுக்கு நடுவுல காற்புள்ளி போடுற கோட் உங்ககிட்ட இருக்காமே?"

"இதையெல்லாம் கேக்கணுமா? எடுத்துக்கோ கண்ணு!"

கூடை படியிலேயே உட்கார்ந்துவிட்டது.