ஒற்றைப்படை

எத்தனை டிக்கெட் என்று ஓட்டுநர் கையால் கேட்டார். அவள் இரண்டு விரலைக் காட்டிவிட்டாள்.

முப்பத்தொரு வருஷப் பழக்கம். சொன்னால் கேட்குமா விரல்?

ஓட்டுநர் அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை. ஆனாலும் இரண்டைக் கொடுத்தார். திருத்திச் சொல்ல அவளுக்கு லிதுவேனிய மொழி தெரியாது. தெரிந்திருந்தாலும் என்னவென்று சொல்வாள்?

பக்கத்து இருக்கையில் பூக்களை வைத்தாள்.

வெள்ளைச் சாமந்தி. ஏழு.

இந்தப் பூவுக்கே கௌனஸ் பஸ் நிலையத்தில் ஒரு மல்லுக்கட்டு. கல்லறைக்கு என்று இவள் சைகை காட்டியதும் பூக்காரி ஆறு பூவை உருவிக் கட்டினாள். ஆறா? திருநெல்வேலிக்காரிக்கு மனசு ஒப்பவில்லை. சீர்த்தட்டு என்றால் ஏழு, ஒன்பது, பதினொன்று என்று எடுத்துப் பழகிய கை. புகுந்த வீட்டு ஊருக்கு முதல்தடவையாகப் போகிறாள். இரட்டைப்படையிலா போவாள்?

இன்னொன்று என்றாள். பூக்காரி தலையை ஆட்டி மறுத்தாள். விற்க வந்தவள் வேண்டாம் என்கிறாளே, இது என்ன வியாபாரமோ! இவளே ஒன்றை உருவிக் கொத்தில் செருகிக்கொண்டாள்.

பஸ் நகர்ந்தது.

புருஷன் அல்கிஸ் பிறந்தது சிகாகோவில். அவருடைய தாத்தா இந்தப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து கப்பலேறியவர். விட்டுவந்த அம்மாவின் கல்லறையில் ஒரு பூ வைக்கக் கொடுத்துவைக்கவில்லையே என்று கடைசிவரை புலம்பினாராம். அவரால் முடியவில்லை. மகனாலும் முடியவில்லை. அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று பேரன் அல்கிஸும் தள்ளிப்போட்டார்.

போன வருஷம் ஆவணியில் போய்ச் சேர்ந்தார். இங்கே அல்ல.

மிச்சம் இவள்தான். பிள்ளை குட்டி கிடையாது. சிகாகோ வீட்டில் இவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லாமல் மாசக்கணக்காகிறது. மூன்று தலைமுறையாக நடக்காததை இவள் தப்பில்லாமல் செய்து முடிக்க வேண்டும். நிறம் வேறு, பேச்சு வேறு. நீ யாரம்மா என்று யாராவது கேட்டுவிட்டால்?

ஜன்னலில் பைன் மரங்கள். மரங்களுக்குப் பின்னாலும் மரங்கள்.

சனிக்கிழமைதோறும் அவர் இந்தியக் கடையில் பூ வாங்கி வருவார். 'மள்ளி' என்பார். எத்தனை சொல்லிக்கொடுத்தும் அந்த 'ல' வரவே இல்லை. நானேதான் வைத்துவிடுவேன் என்று ஹேர்பின்னைக் கோணலாகக் குத்துவார்.

காரியம் முடிந்த அன்று ஊரிலிருந்து மதினி போன் செய்தாள்.

"இனிமே பூவு கீவு வைக்காத தாயி. நாலு பேரு பாத்தா என்ன சொல்லுவாங்க?"

சிகாகோவில் யார் அந்த நாலு பேர் என்று இவள் கேட்கவில்லை. வைக்கவும் இல்லை.

நிறுத்தத்தில் தனுதே காத்திருந்தாள். தாத்தாவின் தம்பி வழிப் பேத்தி. கடிதம் மேல் கடிதம் போட்டுக் கண்டுபிடித்த ஒரே சொந்தம். இவள் வயதுதான் இருக்கும். ஒரு கையில் பூவாளி. வாயில் நாலைந்து ஆங்கில வார்த்தை. கையைப் பிடித்துக் குலுக்கினாள். அதற்குமேல் பேச இருவருக்கும் மொழியில்லை.

நடந்தார்கள்.

கல்லறைத் தோட்டம் பெருக்கித் துடைத்த வீடுபோல் சுத்தமாக இருந்தது. தனுதே ஒரு கல்லின் முன் நின்றாள். பாசியைச் சுரண்டிக் கழுவியிருந்தாள். ஓனா என்று பெயர். தாத்தாவின் அம்மா.

வந்துவிட்டேன் என்று இவள் தமிழில் சொன்னாள். வாய்க்குள்.

குனிந்து ஜாடியில் ஏழு பூவையும் வைத்தாள்.

தனுதேயின் கண்கள் பூக்களை எண்ணின. முகம் மாறியது. சட்டென்று குனிந்து ஒரு பூவை வெளியே உருவினாள்.

இவள் ஏதோ தப்பு செய்துவிட்டாள். என்னவென்றுதான் தெரியவில்லை. அசலூர்க்காரி வைத்த பூ ஆகாதோ? இத்தனை தூரம் வந்தும் அவருக்காக இந்த ஒன்றைக்கூடச் சரியாகச் செய்யவில்லையே.

தனுதே வார்த்தை தேடினாள். கிடைக்கவில்லை. இரண்டு விரலை நீட்டிக் கல்லைக் காட்டினாள். பிறகு ஒரு விரலால் இவள் நெஞ்சைத் தொட்டாள். அப்புறம்தான் ஆங்கில வார்த்தை வந்தது.

"ஜோடி, செத்தவங்களுக்கு. ஒத்தை, உயிரோட இருக்கிறவங்களுக்கு."

உருவிய பூவை இவள் கையில் வைத்து விரல்களை மூடினாள். பூவாளியைத் தூக்கிக்கொண்டு குழாய்ப் பக்கம் போய்விட்டாள்.

ஜாடியில் ஆறு இருந்தன.

இவள் அழுதாள். பதினான்கு மாசத்தில் இப்படி அழுததில்லை. யாருமில்லாத இடம், சத்தமாகவே அழுதாள்.

அழுது முடித்துப் பூவின் காம்பை ஒட்டக் கிள்ளினாள். கைப்பையின் அடியில் துழாவினாள். சாவிக்கும் மாத்திரை அட்டைக்கும் நடுவில் பழைய ஹேர்பின் ஒன்று கிடந்தது.

கண்ணாடி இல்லை. கோணலாகத்தான் இருந்திருக்கும்.

திரும்பும் பஸ்ஸில் அதே ஓட்டுநர். உள்ளே நாலு பேர் இருந்தார்கள். நாலு பேரும் நிமிர்ந்து இவள் தலையைப் பார்த்தார்கள்.

எத்தனை என்று ஓட்டுநர் கையால் கேட்டார்.

அவள் ஒரு விரலைக் காட்டினாள்.