செல்லாத டாக்டர்

"இங்க டாக்டரும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. நாயைத் தூக்கிட்டுக் கிளம்பு!"

மாமியார் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. பக்கத்து மாடியில் துணி காயப்போட்டவள் கையில் ஈரத் துண்டோடு அப்படியே நின்றுவிட்டாள்.

கேட்டுக்கு வெளியே தையல்காரம்மா. அவள் இடுப்பில், கைக்குழந்தை மாதிரி, அவளுடைய நாய் குண்டன்.

"அக்கா, கோட்டுப் பொத்தானை முழுங்கிட்டான்க்கா. உங்க மருமக மிருக வைத்தியம்தானே படிச்சிருக்கு? லேசா வயித்தை அமுக்கிப் பார்த்தாப் போதும்."

"அவ படிச்சது வெளிநாட்டுல. அந்தப் படிப்பு இங்க செல்லாது."

"வயிறு எல்லா நாட்டுலயும் வயிறுதானேக்கா?"

"பூனைக்கும் எலிக்கும் வித்தியாசம் தெரியாது இவளுக்கு. இவகிட்ட கொடுத்தா உன் நாயை ஆடுன்னு நினைச்சு தழை போடுவா!"

கதவுக்குப் பின்னால் தடிப் புத்தகமும் கையுமாக நின்றிருந்தாள் மருமகள். தலை குனிந்திருந்தது. தோள் குலுங்கியது.

'பாவம், அழுவுது' என்று நினைத்துக்கொண்டாள் தையல்காரம்மா.

"பஸ் ஸ்டாப் பக்கத்துல போர்டு மாட்டின டாக்டர் இருக்கார். அங்க போ. இப்பவே போ, தாமதிக்காதே!"

கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

அந்தப் பெண் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இதே கூத்துதான். வெளிநாட்டுப் படிப்பு இங்கே செல்லுபடியாக வேண்டுமானால் கால்நடை மருத்துவக் கவுன்சில் வைக்கும் பரீட்சையில் தேற வேண்டும். அந்தப் பரீட்சை அடுத்த வாரம். அதற்காகத்தான் ராத்திரி பகலாகப் படிக்கிறாள். கூடவே இந்த வசவு வேறு.

பஸ் ஸ்டாப் டாக்டர் குண்டனுக்கு மருந்து கொடுத்து அனுப்பினார். தையல்காரம்மா கடைக்குத் திரும்பி, கோபத்தை எல்லாம் கத்தரிக்கோலில் காட்டிக்கொண்டிருந்தாள். அப்போது கண்ணாடி போட்ட ஒருவர் படியேறினார்.

"தைக்கணுமா சார்?"

"இல்லம்மா. நான் கால்நடை மருத்துவக் கவுன்சில்லேர்ந்து வரேன். இந்தத் தெருவுல ஒரு வெளிநாட்டுப் படிப்புக்காரங்க, பதிவு பண்ணாமலே வைத்தியம் பார்க்கறதா தகவல்."

"வைத்தியமா! நல்லாக் கேட்டீங்க போங்க. வீட்டுப் பூனையைத் தடவிக் கொடுக்கக்கூட விடமாட்டா அந்த மாமியார்க்காரி. ஒருத்தர் கிளியைக் கொண்டுவந்தார், விரட்டிட்டா. நேத்து ஒரு வாத்து. இன்னைக்கு என் குண்டன். ராட்சசி சார்!"

"நிச்சயமாத் தெரியுமா?"

"தெருவையே கேளுங்க. அவ திட்டறது மைக் இல்லாம பஸ் ஸ்டாப் வரைக்கும் கேட்கும்."

அவர் கேட்டார். எதிர்வீட்டு ஜன்னல் சொன்னது. மாடிக்காரி, ஈரத் துண்டைப் பிழிந்துகொண்டே, ஆடு, தழை உட்பட எல்லாவற்றையும் நடித்தே காட்டினாள்.

திரும்பி வந்தவர் பெருமூச்சு விட்டார்.

"அந்தப் பொண்ணு தப்பிச்சதும்மா. யாருக்காவது ஒரு மாத்திரை கொடுத்திருந்தாக்கூட பரீட்சைக்கு உள்ள விட்டிருக்க மாட்டோம். படிச்ச படிப்பு மொத்தமும் தண்ணியிலதான்."

தையல்காரம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அடப்பாவமே! எந்தக் கடங்காரன் சார் கோள் மூட்டினது?"

"கோள் எல்லாம் இல்லம்மா. நல்லதாத்தான் சொல்லியிருக்காங்க. இந்தப் பக்கம் ஏதோ ஒரு தையல் கடையில, வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம், 'எங்க தெருவுல வெளிநாட்டு டாக்டர் இருக்கு, தங்கமான பொண்ணு, காசே வாங்காம பார்க்கும், போங்க போங்க'ன்னு அனுப்பறாங்களாம்."

கத்தரிக்கோல் சாக்பீஸ் கோட்டை விட்டு விலகியது. யாருடைய சட்டையோ, முழுக்கை அரைக்கை ஆனது.

"இங்க வேற தையல் கடை இருக்காம்மா?"

"இ... இருக்கு சார். ரொம்பத் தூரத்துல."

அவர் போன பிறகு அவளுக்கு உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. 'கிளியை அனுப்பினதும் நான்தானே? அந்த வாத்தும் என் வாடிக்கைக்காரரோடதுதானே?' கடையைப் பாதியில் போட்டுவிட்டு, குண்டனைத் தூக்கிக்கொண்டு அந்த வீட்டுக்கு ஓடினாள்.

கேட்டைத் தொட்டவள் நின்றாள். உள்ளேயிருந்து ஒரு மெல்லிய குரல். மாமியார் குரல்தான். ஆனால் கேட்டால் நம்ப முடியாது.

"டாக்டரம்மா, வாயைத் திறங்க. நீங்க பாட்டுக்குப் படிங்க, நான் ஊட்டி விடறேன்."

"போதும் அத்தை, வயிறு வெடிச்சிடும்."

"அந்த நாய்க்கு என்ன ஆச்சோ, பாவம். மனசே கேக்கல எனக்கு."

"பொத்தான் பெருசுன்னுதான் உடனே அனுப்பச் சொன்னேன். அந்த டாக்டர் பார்த்திருப்பார். ஆனா அத்தை, ஆட்டுத் தழை கொஞ்சம் ஓவர். சிரிப்பை அடக்க முடியாம தோளெல்லாம் வலிக்குது."

"நீதானேம்மா இன்னும் நல்லாத் திட்டுங்கன்னு சொன்னே? பரீட்சை முடியற வரைக்கும் இந்தத் தெருவுல ஒரு ஜீவனும் உன்னை டாக்டர்னு நம்பக் கூடாது. அதுக்கப்புறம் வீடு வீடாப் போய் மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

குண்டன் குரைத்தது.

உள்ளே மெல்லிய குரல் சட்டென்று காணாமல் போனது. "எவ அது வாசல்ல? இங்க டாக்டரும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல!"

எதிர்வீட்டு ஜன்னல் மறுபடி திறந்தது.

தையல்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, பஸ் ஸ்டாப் வரைக்கும் கேட்கிற மாதிரி, தொண்டை கிழியக் கத்தினாள்:

"ஆமாக்கா! உங்க மருமகளுக்கு ஒண்ணுமே தெரியாது!"