பொதுவான ஆள்

இட ஒதுக்கீட்டு மறியலின் மூன்றாம் நாள். கரியாலூர் சாலையில் புளியமரத்தை வெட்டிப் போட்டுவிட்டு, "எங்களை மிதிச்சது போதும்! எங்களுக்கும் எடம் குடு!" என்று தொண்டை வற்றக் கத்திய வேடியப்பன், மத்தியானம் கட்டுச்சோற்றைப் பிரித்தபோதுதான் ஒரு வேற்றுக்கிரகத்து ஆள் எதிரே வந்து நின்றது.

ரேடியோவில் செய்தி வாசிப்பதுபோல் பேசியது. "எங்கள் பக்கம் இரண்டு உலகங்கள் அழிகின்றன. தப்பிக்க இருப்பது ஒரே கப்பல். எந்த உலகத்தார் ஏறலாம் என்று பொதுவான ஒருவர் சொல்ல வேண்டும். உங்கள் குரல் கேட்டது. நியாயம் தெரிந்தவர் என்று வந்தேன்."

வேடியப்பனுக்குப் பெருமை தாங்கவில்லை. "அதுல யாரு யாருகிட்ட வேலை செய்றாங்க?"

"இரண்டாம் உலகத்தார், முதல் உலகத்தாரின் நிலத்தில் கூலி வேலை செய்கிறார்கள்."

"அட, இதுக்கா இம்மாந்தூரம் வந்தீங்க? நெலம் வெச்சிக்கினு இருக்கறவங்கள ஏத்துங்க. கூலிக்காரங்க ஏறினா கப்பலையே நாறடிச்சிடுவாங்க."

"அதுதான் தீர்ப்பா?"

"அதேதான். எழுதிக்குங்க."

கையிலிருந்த கருவியில் அது தீர்ப்பை அனுப்பியது. அனுப்பியதும் அதன் கால்கள் தள்ளாடின.

"களைச்சிட்டீங்க. தண்ணி குடிங்க" என்று வேடியப்பன் சொம்பை நீட்டினான்.

அது சொம்பைத் தொடவில்லை. இரண்டடி பின்வாங்கி, குனிந்து, இரு கைகளையும் குவித்து வாயருகே வைத்துக்கொண்டு காத்திருந்தது.

சொம்பைச் சாய்த்து ஊற்ற வேடியப்பனுக்குக் கை எழவில்லை.

"நீங்க எந்த ஒலகம்னு மொதல்லயே சொல்லியிருக்கலாமே" என்றான், தரையைப் பார்த்தபடி.

"சொன்னால் தீர்ப்பு பொதுவாக இருக்காதே" என்றது அது, குவித்த கைகளைப் பிரிக்காமல்.