வேரோடு வந்த மல்லிகை

சித்திரை வெயிலில், மொட்டு விட்டு நின்ற மல்லிகைச் செடிகளை வேரோடு பிடுங்கி வண்டியில் போட்டுக்கொண்டு வந்திருந்தார் சேத்தூர் பரிபூரணம் பிள்ளை. ஸ்ரீவில்லிபுத்தூரில் தோட்டம் போட்டுப் பூச்செடி விற்கும் சமுத்திரத்துக்கு வயிறு எரிந்தது.

“என்ன பிள்ளைவாள் இது! போன வருசம் நான் பதியன் போட்டுக் குடுத்த அடுக்குமல்லியில்லா? பூக்கிற நேரத்துலயா புடுங்குவாக?”

“நீயே வச்சுக்கோ. வேற செடி குடு.”

குரலில் கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை. வண்டிக்காரன் செடிகளை இறக்கிப் போட்டபோது பிள்ளை அந்தப் பக்கம் திரும்பவேயில்லை.

“கோடைக்குன்னா கனகாம்பரம் நல்லா வரும். செத்த நிழல் இருந்தாப் போதும்.”

“வேண்டாம்.”

“பிச்சி?”

“வேண்டாம்.”

“பன்னீர் ரோசா இருக்கு. சாயங்காலம் தண்ணி ஊத்துனா...”

“அந்தா, வேலியோரம் நிக்குதே, அது என்ன?”

“நந்தியாவட்டை. பூசைக்கு ஆகும், கண்வலிக்கு ஆகும். தலையில யாரும் வைக்க மாட்டாக.”

“அதைக் குடு. பக்கத்துல நிக்கிற மந்தாரையையும் குடு.”

சமுத்திரத்துக்கு இப்போது விளங்கிவிட்டது. சேத்தூரில் பாதித் தோப்பு பிள்ளையுடையது. கை இறுக்கத்துக்கும் அவர்தான் பேர்போனவர். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து மல்லிகை பறிப்பது பொறுக்கவில்லை. அதுதான் எவளும் சீந்தாத செடியாகத் தேடுகிறார். இப்படியும் ஒரு மனுசன்!

இருந்தாலும் தொழில் தொழில்தான். “வெயில் தாழ்ந்த பொறவு நடணும். பத்து நாளைக்கு ஓலை வச்சு மறைச்சு விடுங்க” என்று சொல்லிக்கொண்டே செடிகளை வேர்மண் உதிராமல் சாக்கில் கட்டினான்.

கட்டும்போது பிள்ளையின் மகள் ஞாபகம் வந்தது. அப்பாவோடு வந்து இந்த மல்லிகையை அவள்தான் தேர்ந்தெடுத்தாள். வேறு யாரையும் தொடவிடாமல் மடியிலேயே வைத்துக்கொண்டு போனாள்.

“பாப்பா எப்படி இருக்கு? தையில கல்யாணத்துக்கு என் தோட்டத்துப் பூதான வந்துச்சு. மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பியாச்சா?”

“இல்ல. நம்ம வீட்லதான் இருக்கா.”

ஒன்பது வயதுப் பெண்ணைப் பெரியவளான பிறகுதானே அனுப்புவார்கள்? கேட்டதே தப்பு என்று நினைத்த சமுத்திரம், தன் கணக்கில் ஒரு கனகாம்பரச் செடியையும் எடுத்து வண்டியில் வைத்தான்.

“இதுக்கு ஒண்ணும் தர வேண்டாம். பாப்பா தலையில வைக்கட்டும்.”

பிள்ளை அதை எடுத்துத் தரையில் வைத்தார். சமுத்திரம் மறுபடி வைத்தான். அவர் மறுபடி இறக்கி வைத்தார்.

சமுத்திரத்துக்கு வந்ததே கோபம்! “பச்சப்பிள்ள தலையில ஒரு பூ ஏறுனா, உங்க சொத்து கரைஞ்சா போயிரும் பிள்ளைவாள்?”

பிள்ளை வண்டியில் ஏறி உட்கார்ந்தார். கீழே வாடிக் கிடந்த மல்லிகையை அப்போதுதான் பார்த்தார்.

“தினமும் பறிச்சு வச்சுக்கிடுதா, நான்தான் பிடுங்கி எறியுதேன். தாலி அறுத்தாச்சுன்னு சொன்னா அவளுக்குப் புரியல, சமுத்திரம்.”